ஒரு பத்தி வாசிக்கத் தெரியுமா என்று கேட்ட பிறகு

டெல்லியில் ஏழை வீட்டுப் பிள்ளைகளில் பெரும்பாலோர் ஐந்தாம் வகுப்பு வரை மாநகராட்சிப் பள்ளியில் படிப்பார்கள். எம்சிடி ஸ்கூல் என்பார்கள். கொஞ்சம் வயதானவர்கள் நிகம் ஸ்கூல் என்பார்கள். ஆறாம் வகுப்புக்கு டெல்லி அரசின் கல்வி இயக்ககத்துப் பள்ளிக்கு மாற வேண்டும். அது வேறு நிர்வாகம், வேறு அதிகாரிகள், வேறு கணக்கு. ஒன்றாம் வகுப்பிலேயே சர்வோதயப் பள்ளியில், அதாவது ஒன்று முதல் பன்னிரண்டு வரை ஒரே இடத்தில் நடக்கும் டெல்லி அரசுப் பள்ளியில் சேர்ந்துவிட்ட பிள்ளைகளுக்கு மட்டும் இந்த மாற்றம் இல்லை. மற்றவர்கள் ஒரு டி.சி.யையும் மார்க் ஷீட்டையும் எடுத்துக்கொண்டு புதுப் பள்ளிக்கு வருவார்கள். எதிரே நிற்கும் பிள்ளைக்கு எழுத்துக் கூட்டி வாசிக்க வருமா என்பதை அந்த மார்க் ஷீட்டைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஐந்து வருடமும் பாஸ் என்று இருக்கும், அவ்வளவுதான்.

அதனால்தான் அங்கே ஒரு டெஸ்ட் வைக்கிறார்கள். அந்த டெஸ்ட்டைப் பற்றியும், அதன் முடிவு யார் கைக்குப் போகிறது என்பதைப் பற்றியும்தான் இந்தப் பதிவு. நான் மயூர் விஹாரில் இருக்கிறேன். சனிக்கிழமை மாலைகளில் பக்கத்தில் இருக்கும் திரிலோக்புரிக்குப் போய் சில பிள்ளைகளோடு உட்கார்ந்து வாசிப்பது பல வருடப் பழக்கம். அங்கே தமிழ்க் குடும்பங்கள் நிறைய உண்டு. கள்ளக்குறிச்சி, சின்னசேலம், விழுப்புரம் பக்கத்திலிருந்து வந்தவர்கள். பெண்கள் வீட்டு வேலைக்கும் ஆண்கள் பெயின்டிங், கொத்து வேலை, கார் துடைப்பது என்றும் போவார்கள். பிள்ளைகள் தெருவில் ஹிந்தி பேசுவார்கள், வீட்டுக்குள் தமிழ் பேசுவார்கள். தமிழ் எழுதப் படிக்க ஒருவருக்கும் தெரியாது. டெல்லித் தமிழ்க் கல்விக் கழகத்துக்கு ஜனக்புரி, கரோல் பாக், மந்திர் மார்க், லோதி எஸ்டேட், லக்ஷ்மிபாய் நகர், மோதி பாக், ஆர்.கே.புரம் என்று ஏழு பழைய பள்ளிகள் இருந்தாலும் அவை எல்லாம் யமுனைக்கு அந்தக் கரையில்தான். இந்தக் கரையில் இருக்கும் பிள்ளை பக்கத்துத் தெரு அரசுப் பள்ளிக்குத்தான் போகும்.

டெஸ்ட் என்றதும் பரிட்சை அறை, பெஞ்சு, வினாத்தாள் என்று நினைக்க வேண்டாம். ஆசிரியர் ஒரு பிள்ளையைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்வார். கையில் ஒரே ஒரு தாள். அதில் ஒரு பக்கம் சில எழுத்துகள், அடுத்து சில எளிய சொற்கள், அப்புறம் நாலு வரிப் பத்தி, அதற்கப்புறம் இரண்டாம் வகுப்புப் பாடம் அளவில் ஒரு சின்னக் கதை. பத்தியை முதலில் கொடுப்பார்கள். வாசித்துவிட்டால் கதைக்குப் போகலாம். முடியவில்லை என்றால் சொற்கள், அதுவும் வரவில்லை என்றால் எழுத்துகள். பிள்ளை எங்கே நிற்கிறதோ அதுதான் அதன் நிலை. கணக்கும் அப்படித்தான்: எண்ணைப் பார்த்துச் சொல்வது, கடன் வாங்கிக் கழிப்பது, மூன்று இலக்க எண்ணை ஓர் இலக்கத்தால் வகுப்பது. ஒரு பிள்ளைக்குச் சில நிமிஷம் போதும். மார்க்கே கிடையாது. பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்பு 2005-லிருந்து, பிள்ளைகளுக்கு வாசிப்பும் கணக்கும் எவ்வளவு வருகிறது என்று பார்க்கும் அசர் ஆய்வுக்காக ஊர் ஊராக எடுத்துப்போன தாள்தான் இதற்கு மூலம். அசர் கிராமப்புற ஆய்வு, அதனால் டெல்லி அதில் வராது. ஆனால் தாள் டெல்லிக்கு வந்துவிட்டது.

2016-ல் கல்வி இயக்ககம் தன்னுடைய ஆறாம் வகுப்புப் பிள்ளைகளை இப்படி உட்கார வைத்துக் கேட்டது. வந்த முடிவை அரசே வெளியில் சொன்னது. 74 சதவீதம் பேருக்குத் தங்கள் ஹிந்திப் பாடப் புத்தகத்திலிருந்து ஒரு பத்தி வாசிக்க வரவில்லை. 46 சதவீதம் பேருக்கு இரண்டாம் வகுப்பு அளவுக் கதையே வரவில்லை. தன் பள்ளிகளைப் பற்றி இப்படி ஒரு உண்மையை ஒரு அரசு தானாகவே பேசியது பெரிய விஷயம். எனக்கு அந்தத் துணிச்சலில் இன்றும் மரியாதை உண்டு.

அடுத்து என்ன செய்தார்கள்? 'சுனௌத்தி 2018' என்று பெயர் வைத்து, ஆறு முதல் எட்டு வரை பிள்ளைகளை வாசிப்பு நிலைப்படி வெவ்வேறு செக்ஷன்களாகப் பிரித்தார்கள். நன்றாக வாசிப்பவர்கள் பிரதிபா, தடுமாறுகிறவர்கள் நிஷ்டா, எழுத்தே பிடிபடாதவர்கள் நியோ நிஷ்டா. ஒன்பதாம் வகுப்பில் ஒன்றுக்கு மேற்பட்ட தடவை ஃபெயிலானவர்களுக்கு விஷ்வாஸ். 2018-ல் 'மிஷன் புனியாத்' வந்தது. மாநகராட்சிப் பள்ளிகளையும் சேர்த்துக்கொண்டு, மூன்றாம் வகுப்பிலிருந்து ஒன்பது வரை, கோடை விடுமுறையிலும் வகுப்பு நடத்தினார்கள். அதிலும் முதலில் அதே வாய்வழி டெஸ்ட், பிறகு நிலைவாரியாகக் குழு, முடிவில் மறுபடி டெஸ்ட்.

எங்கள் குடியிருப்பில் நாலு வீட்டில் வேலை செய்கிற ஒரு அம்மாவின் பையன் 2016-ல் ஆறாம் வகுப்பு. நல்ல சுறுசுறுப்பு. கடைக்கு அனுப்பினால் சில்லறையைச் சரியாக எண்ணிக் கொண்டுவருவான். வாசிக்கச் சொன்னால் மட்டும் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்வான். எழுத்துகள் தெரியும், மாத்ரா, அதாவது உயிர்க்குறி இல்லாத சொற்கள் தெரியும். கூட்டெழுத்து வந்தால் நின்றுவிடுவான். 'பிரஷ்ன்' என்ற சொல் ஹிந்திப் புத்தகத்தில் பக்கத்துக்குப் பக்கம் வரும். அது எங்கே எழுதியிருந்தாலும் அந்த இடத்தைப் பார்த்து 'கேள்வி' என்று தமிழில் என்னிடம் சொல்லுவான், வாசிக்க மாட்டான். அதன் உருவத்தை அவன் படமாகத் தெரிந்து வைத்திருந்தான், எழுத்தாக இல்லை. ஐந்து வருடம் கரும்பலகையைப் பார்த்து எழுதி எழுதி, வாசிக்கத் தெரியாமலேயே அழகான கையெழுத்து வந்திருந்தது. நோட்டைத் திருப்பினால் எந்தப் பெற்றோரும் பிள்ளை நன்றாகப் படிக்கிறான் என்றுதான் நினைப்பார்கள். அவன் அம்மாவும் அப்படித்தான் நினைத்தாள்.

அந்த வாய்வழி டெஸ்ட்தான் முதல் தடவையாக அவன் எங்கே நிற்கிறான் என்பதைச் சரியாகக் காட்டியது. அதற்கப்புறம் நடந்ததையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அது நன்றாக நடந்தது. அவனை நிஷ்டா செக்ஷனில் போட்டார்கள். அங்கே ஒரு ஆசிரியை 'பிரகதி' என்ற எளிய வாசிப்புப் புத்தகத்தை வைத்துக்கொண்டு தினமும் பிள்ளைகளைச் சத்தம் போட்டு வாசிக்க வைத்தார். யார் எந்தச் சொல்லில் நின்றார்கள் என்று ஒரு சின்ன நோட்டில் குறித்து வைப்பாராம். மறுநாள் அந்தச் சொல்லிலிருந்தே ஆரம்பிப்பாராம். குளிர்காலம் வருவதற்குள் பையன் கதை வாசித்தான். என் முன்னால் உட்கார்ந்து, விரலை வைத்துக்கொண்டு, ஒரு நரிக் கதையை முழுதாக வாசித்தான். கூட்டெழுத்து வந்த இடத்தில் நின்றான், உடைத்துச் சொன்னான், மேலே போனான்.

இந்த முறை வேலை செய்யும் என்பதற்கு ஆராய்ச்சியும் உண்டு. பக்கத்தில் ஹரியானாவில் 2011-12 வாக்கில் சுமார் 500 அரசுப் பள்ளிகளில் ஒரு பெரிய ஒப்பீடு நடந்தது. ஜேம்ஸ் பெரி, ஹரிணி கண்ணன், ஷோபினி முகர்ஜி, மார்க் ஷாட்லேண்ட் நடத்தியது. ஒரு தொகுதிப் பள்ளிகளில் கல்வி உரிமைச் சட்டம் சொன்ன தொடர் மதிப்பீட்டு முறை: ஆசிரியர் அடிக்கடி மதிப்பிட்டு, ஒவ்வொரு பிள்ளைக்கும் விவரமாகப் படிவம் நிரப்புவது. இன்னொரு தொகுதியில் தொடக்க வகுப்புப் பிள்ளைகளை ஒரு டெஸ்ட் வைத்து நிலைவாரியாகப் பிரித்து, தினமும் சிறிது நேரம் அந்தந்த நிலையில் பாடம் நடத்துவது. படிவம் நிரப்பிய பள்ளிகளில் பிள்ளைகளின் படிப்பில் எந்த மாற்றமும் இல்லை. நிலைவாரியாகப் பிரித்த பள்ளிகளில் ஹிந்தி வாசிப்பு முன்னேறியது. இரண்டிலும் மதிப்பீடு உண்டு. ஒன்றில் முடிவு படிவத்தில் தங்கிவிட்டது, மற்றதில் மறுநாள் பாடத்தை மாற்றியது.

தமிழ்நாட்டில் தொடக்க வகுப்புகளுக்கான 'எண்ணும் எழுத்தும்' திட்டம் 2022-ல் தொடங்கியபோது அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைகள் வைத்தது இந்த வழியில்தான். ஊரில் ஆசிரியையாக இருக்கும் என் உறவுப் பெண் ஒருத்தி, செயலியில் பதிவேற்றுகிற நேரம் பாடம் நடத்துகிற நேரத்தைத் தின்கிறது என்று சொல்லிக்கொண்டே இருப்பாள். டெல்லி ஆசிரியர்கள் வாயிலும் இதே புலம்பல்தான். இதைச் சோம்பேறித்தனம் என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அவர்கள் சொல்வதில் ஹரியானாவின் முடிவு அப்படியே இருக்கிறது.

சரி, அந்தப் பையனுக்கு வருவோம். கதை வாசித்துவிட்டான். அப்படியானால் அவன் நிஷ்டாவில் இருக்க வேண்டியதில்லை, இல்லையா? ஆனால் செக்ஷன் மாறவில்லை. ஏழாம் வகுப்பிலும் அதே பிள்ளைகள், அதே அறை. எட்டாம் வகுப்பிலும் அதே. பள்ளியில் கேட்டபோது, வருட நடுவில் மாற்றினால் பதிவேடு, கால அட்டவணை எல்லாம் குழம்பும் என்றார்கள். அதற்குள் பிரதிபா செக்ஷன் பிள்ளைகள் அறிவியலிலும் கணக்கிலும் வெகுதூரம் போயிருந்தார்கள். இவன் செக்ஷனுக்கு வந்த ஆசிரியர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். முதல் வருடம் வாசிக்க வைத்த ஆசிரியை வேறு பள்ளிக்கு மாற்றலாகிப் போய்விட்டார். பையன் ஒரு நாள் சாதாரணமாகச் சொன்னான்: "நாங்க நிஷ்டா, அக்கா. எங்களுக்கு அவ்ளோதான் நடத்துவாங்க."

இந்த இடத்தில்தான் எனக்குக் கோபம் வருகிறது. தினமும் சிறிது நேரம் வாசிப்புக்காகப் பிரித்து உட்கார வைப்பது வேறு, நாள் முழுவதும் வருடம் முழுவதும் தனி அறையில் உட்கார வைப்பது வேறு. முதலாவதில் பிள்ளை வாசிக்கக் கற்றுக்கொண்டதும் குழு மாறலாம், மற்றப் பாடங்களில் எல்லோரோடும் இருக்கலாம். இரண்டாவதில், ஜூலை மாதத்து ஒரு காலை நேரத்தில் ஐந்து நிமிஷம் வாசித்ததை வைத்து மூன்று வருடம் முடிவாகிறது. ஹரியானாவில் பலன் தந்தது முதல் வகை. ஒரே டெஸ்ட், ஒரே தாள். பயன்படுத்திய விதம்தான் வேறு.

இங்கே தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஒரு கூடுதல் சிக்கல் உண்டு. டெஸ்ட் ஹிந்தியில். வீட்டில் ஹிந்தி அச்சு எதுவும் கண்ணில் படாத, ஹிந்திக் கதை சொல்ல ஆள் இல்லாத பிள்ளை, வகுப்பில் மற்றவர்களைவிடத் தாமதமாகத்தான் வாசிப்பைப் பிடிக்கும். கணக்கில் முன்னால் இருக்கும் பிள்ளையாகவும் அது இருக்கலாம். நான் சொன்ன பையன் வகுத்தல் கணக்கை மனதிலேயே போடுவான். வாசிப்பை மட்டும் வைத்துச் செக்ஷன் பிரித்தபோது, அவனுக்குக் கணக்கும் நிஷ்டாக் கணக்காகிவிட்டது. பீகாரிலிருந்து வந்து மைதிலி பேசுகிற பிள்ளைக்கும், சீலம்பூரில் உருது பேசுகிற பிள்ளைக்கும் இதே சிக்கல் கொஞ்சம் வேறு விதமாக இருக்கும், அவ்வளவுதான்.

ஆறாம் வகுப்புக்கு வரும்போதே இடைவெளி எவ்வளவு என்பதையும் அளந்திருக்கிறார்கள். கார்த்திக் முரளிதரன், அபிஜீத் சிங், அலெஹாந்த்ரோ கனிமியன் மூவரும் டெல்லி அரசுப் பள்ளிப் பிள்ளைகள் 619 பேரை 2015-ல் ஆராய்ந்தார்கள். மாலை நேரத்தில் கணினி வழியாக அவரவர் நிலையில் கற்றுத்தரும் திட்டத்தை மதிப்பிடுவதற்காக நடந்தது அது. ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் கணக்கில் சராசரியாக இரண்டரை வகுப்பு பின்தங்கி இருந்தார்கள். ஒன்பதாம் வகுப்பில் அது நாலரை வகுப்பு. ஒரே அறையில் ஐந்தாறு வகுப்பு நிலைகள். என்னை நிலைகுலைய வைத்தது வேறொரு தகவல்: இந்தத் திட்டத்தில் சேராமல் வழக்கமான பள்ளிக்கு மட்டும் போய்க்கொண்டிருந்தவர்களில், கடைசி மூன்றில் ஒரு பங்குப் பிள்ளைகள் அந்த ஆய்வு நடந்த நாலரை மாதத்தில் எதுவுமே புதிதாகக் கற்றிருக்கவில்லை. பள்ளிக்குப் போனார்கள், வந்தார்கள்.

ஒன்பதாம் வகுப்பு வந்ததும் எல்லோருக்கும் ஒரே பொதுத்தாள். எட்டு வரை யாரையும் நிறுத்தக் கூடாது என்று 2009 கல்வி உரிமைச் சட்டம் சொன்னது. 2019 திருத்தத்துக்குப் பிறகு ஐந்திலும் எட்டிலும் பரிட்சை வைத்து, இரண்டு மாதத்துக்குள் மறுபரிட்சை வாய்ப்பு தந்து, அதிலும் தேறாதவர்களை நிறுத்தலாம் என்று மாநிலங்களுக்கு அனுமதி கிடைத்தது. டெல்லியும் அதை எடுத்துக்கொண்டது. தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு 2024-ல் செய்தியாக வந்த கணக்கு: 2023-24-ல் டெல்லி அரசுப் பள்ளிகளில் ஒன்பதாம் வகுப்பில் ஃபெயிலானவர்கள் 1,01,331 பேர். அதற்கு முந்தைய வருடம் 88,409. எட்டாம் வகுப்பில் 46,622 பேர். ஒரு நகரத்தில், ஒரு வகுப்பில், ஒரு லட்சம் பிள்ளைகள்.

நம் பையனும் ஒன்பதில் ஃபெயில். அறிவியலிலும் ஆங்கிலத்திலும் போய்விட்டது. பள்ளியில் அம்மாவைக் கூப்பிட்டு ஒரு படிவத்தைக் காட்டினார்கள். தேசியத் திறந்தநிலைப் பள்ளியில், அதாவது என்ஐஓஎஸ்ஸில் சேர்த்துவிட்டால் நேராகப் பத்தாவது எழுதலாம், ஒரு வருடம் மிச்சம் என்றார்கள். அவள் வேலை முடித்துவிட்டு என் வீட்டுக்கு வந்தாள்.

"நல்லதுன்னுதாங்க்கா சொல்றாங்க. கையெழுத்துப் போடவா?"

படிவம் ஆங்கிலத்தில் இருந்தது. திறந்தநிலைப் பள்ளி தன்னளவில் நல்ல ஏற்பாடு. வேலைக்குப் போய்க்கொண்டே படிப்பவர்களுக்கும், விளையாட்டில் இருப்பவர்களுக்கும், உடல்நலம் சரியில்லாதவர்களுக்கும் அது பெரிய உதவி. ஆனால் பதினான்கு வயதில், பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தர ஆள் வேண்டிய ஒரு பிள்ளைக்கு, தினமும் பள்ளி இல்லாத படிப்பு எப்படிப் பொருந்தும்? அதே வகுப்பில் இன்னொரு வருடம் இருக்க அவனுக்கு உரிமை உண்டு என்று சொன்னேன். அவள் மறுநாள் போய்க் கேட்டாள். இடம் இருக்கிறதா பார்க்கிறோம் என்றார்கள், யோசித்துக்கொள்ளுங்கள் என்றார்கள், மற்ற அம்மாக்கள் எல்லாம் போட்டுவிட்டார்களே என்றார்கள். கடைசியில் அவளும் கையெழுத்துப் போட்டாள். பையன் இரண்டு பாடம் தேறினான், மற்றதை எழுதவே இல்லை. இப்போது நொய்டாவில் ஒரு கிடங்கில் பார்சல் பிரிக்கிறான். நல்ல பையன், வீட்டுக்குப் பணம் தருகிறான். இன்னமும் கதை வாசிப்பான்.

பள்ளி ஏன் அப்படி வற்புறுத்தியது? அந்தப் பள்ளியின் ஆசிரியர்கள் கல்மனசுக்காரர்கள் இல்லை. அவர்களுக்கு மேலே மண்டலம் இருக்கிறது, மாவட்டம் இருக்கிறது, ஒவ்வொன்றுக்கும் ஒரு துணை இயக்குநர் இருக்கிறார். பொதுத் தேர்வு ரிசல்ட் வந்ததும் பள்ளிவாரியாக, பாடவாரியாக, ஆசிரியர்வாரியாக சதவீதம் போடுவார்கள். குறைந்த பள்ளியின் முதல்வர் கூட்டத்தில் எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டும். காரணம் கேட்டு நோட்டீஸும் வரும். ஒன்பதாம் வகுப்பில் ஒரு பலவீனமான பிள்ளையைப் பத்தாவதுக்கு அனுப்பினால், அந்தப் பிள்ளையின் ஃபெயில் பள்ளியின் கணக்கில் ஏறும். ஒன்பதிலேயே வெளியே போய்விட்டால் ஏறாது. இப்படி ஒரு கணக்கை வைத்துக்கொண்டு, பிள்ளையைக் கைவிடாதே என்று ஆசிரியருக்குப் பயிற்சி முகாம் நடத்தி என்ன பயன்?

2018-ல் டெல்லி அரசுப் பள்ளிகளின் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்ச்சி 90.64 சதவீதம். 2019-ல் 94.24. அப்போது நாடெங்கும் பேசினார்கள். அந்த வருடங்களில் கட்டிடங்கள் வந்தன, வகுப்பறைகள் வந்தன, ஆசிரியர்கள் உழைத்தார்கள். அதில் எதையும் நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். திரிலோக்புரியில் பெண் பிள்ளைகள் பன்னிரண்டு முடித்து டெல்லிப் பல்கலைக்கழகத்துக்குப் போனதைக் கண்ணால் பார்த்தவள் நான். ஆனால் அந்த 94-ன் கீழே இருக்கும் எண்ணிக்கை பரிட்சை எழுதியவர்கள் எண்ணிக்கை. ஆறாம் வகுப்பில் சேர்ந்தவர்கள் எண்ணிக்கை இல்லை. அதே 2019-ல் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி 71.58. பத்திலும் பதினொன்றிலும் சலித்தெடுத்த பிறகுதான் பன்னிரண்டு வருகிறது.

மேலிடத்தில் சதவீதம் கேட்கத் தொடங்கினால் டெஸ்ட்டும் கெட்டுப்போகும். அபிஜீத் சிங் மத்தியப் பிரதேசத்தில் இதை ஆராய்ந்தார். அரசு நடத்திய டெஸ்ட்டில் பிள்ளைகள் வாங்கியதாகப் பதிவான மார்க்கை எடுத்துக்கொண்டு, அதே பிள்ளைகளிடம் அதே கேள்விகளை வெளியாட்கள் மறுபடி கேட்டார்கள். மார்க் எக்கச்சக்கமாகக் குறைந்தது. ஆந்திரத்தில் டெஸ்ட்டை டேப்லெட்டில் நேரடியாக எடுத்தபோது, மார்க்கை இப்படி ஊதிப் பெருக்குவது பெரும்பாலும் காணாமல் போனது. ஆசிரியர்மேல் தண்டனைகூட அந்த டெஸ்ட்டில் பெரிதாக இல்லை. முடிவு மேலே போகும் என்ற எண்ணமே போதுமாக இருந்திருக்கிறது. 'மிஷன் புனியாத்' முடிவுகளும் இணையத்தில் பதிவேற வேண்டியிருந்தது. ஜூலையில் எழுத்து நிலையில் இருந்த பிள்ளை டிசம்பரில் கதை நிலைக்கு வந்தாக வேண்டும் என்று ஒரு ஆசிரியைக்குத் தெரிந்தால், அந்தக் கட்டத்தில் எதை டிக் செய்வார் என்று யோசித்துப் பாருங்கள்.

கெட்ட செய்தியை வாங்கிக்கொள்ள நமக்கு ஏனோ முடிவதில்லை. தமிழர்களாகிய நமக்கே இது தெரியும். பதினைந்து வயதுப் பிள்ளைகளுக்குப் பல நாடுகளில் நடக்கும் பிசா சர்வதேசத் தேர்வின் 2009 சுற்றில் இந்தியாவிலிருந்து தமிழ்நாடும் இமாச்சலமும் கலந்துகொண்டன. இரண்டும் கடைசி வரிசை. 2011 டிசம்பரில் முடிவு வந்தது. அதற்குப் பிறகு 2012, 2015, 2018, 2022 எந்தச் சுற்றிலும் இந்தியா இல்லை. கேள்விகள் நம் பிள்ளைகளின் சூழலுக்குப் பொருந்தவில்லை என்ற வாதத்தில் கொஞ்சம் நியாயம் இருக்கலாம். அதற்காகப் பக்கத்தையே மூடிவிடுவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

மத்திய அரசின் தேசியக் கணக்கெடுப்பு இன்னொரு வகை. முன்பு என்ஏஎஸ் என்று பெயர், 2024 டிசம்பர் 4 அன்று நடந்ததற்கு பரக் என்று பெயர். 781 மாவட்டங்கள், சுமார் 74,000 பள்ளிகள், 21 லட்சத்துக்கு மேல் பிள்ளைகள். மூன்றாம், ஆறாம், ஒன்பதாம் வகுப்புகள். சில பள்ளிகளில், சில பிள்ளைகளை மட்டும் எடுத்துச் சோதிப்பார்கள். முடிவு மாவட்டத்துக்கு மட்டும் வரும், பிள்ளையின் பெயருக்கு வராது. பிள்ளைக்கு எந்தத் தீங்கும் இல்லாத டெஸ்ட் இது. மாவட்ட அதிகாரி எங்கே ஆசிரியர் இல்லை, எங்கே பயிற்சி வேண்டும் என்று பார்த்துக்கொள்ள இது போதும். அவருக்கு வேண்டிய தகவல் இப்படிக் கிடைக்கும்போது, ஒவ்வொரு பிள்ளையின் ஜூலை மாத வாசிப்பு நிலையும் எதற்காக அவர் கணினிக்குப் போக வேண்டும்? அதை ஆசிரியரிடமும் பெற்றோரிடமும் விட்டுவிடலாம்.

பள்ளிகளைச் சராசரி மார்க்கை வைத்து வரிசைப்படுத்துவதில் இன்னொரு அநியாயம். 2025 ஜூன் 1 அன்று ஜங்புராவில் மதராசி கேம்ப் இடிக்கப்பட்டது எல்லோருக்கும் தெரியும். பாராபுல்லா வாய்க்காலுக்காக, நீதிமன்ற உத்தரவின் பேரில். சுமார் 370 வீடுகள், அத்தனையும் நம் தமிழ்க் குடும்பங்கள் என்றே சொல்லலாம். தகுதி உள்ளவர்களுக்கு நரேலாவில் வீடு ஒதுக்கினார்கள். நகரத்தின் இன்னொரு கோடி அது. லோதி எஸ்டேட் தமிழ்ப் பள்ளிக்கு நடந்து போன பிள்ளைகள் அவர்கள். இப்படி வேரோடு பிடுங்கப்பட்ட பிள்ளைகளை நரேலா பக்கம் ஒரு பள்ளி மனமுவந்து சேர்த்துக்கொள்கிறது என்று வையுங்கள். முதல் வருடம் அந்தப் பிள்ளைகளின் மார்க் குறையும், குறையாமல் எப்படி இருக்கும்? பள்ளியின் சராசரி இறங்கும். சேர்க்க மறுத்த பக்கத்துப் பள்ளி வரிசையில் மேலே போகும்.

பையனின் தங்கை இப்போது ஒன்பதாம் வகுப்பு. இவளுக்கும் வாசிப்பு தாமதமாகத்தான் வந்தது, ஆனால் வந்துவிட்டது. இந்த முறை அவள் அம்மா பெற்றோர்–ஆசிரியர் கூட்டத்துக்கு விடுப்பு எடுத்துக்கொண்டு போகிறாள். ஃபெயில் என்றால் என்ஐஓஎஸ் படிவத்தில் கையெழுத்துப் போடுவதில்லை என்று முடிவாக இருக்கிறாள். போன கூட்டத்தில், "இவ எந்தப் பாடத்துல எங்க நிக்கறான்னு சொல்லுங்க மேம், மார்க்கு வேணாம்" என்று ஹிந்தியில் கேட்டிருக்கிறாள். ஆசிரியை பதிவேட்டைப் புரட்டிவிட்டு, அறிவியலில் வரைபடம் போடுகிறாள், விளக்கம் எழுதத் தெரியவில்லை என்று சொன்னாராம். இத்தனை வருடத்தில் அந்த அம்மாவுக்குப் பள்ளியிலிருந்து கிடைத்த உருப்படியான முதல் தகவல் இதுதான் என்று நினைக்கிறேன். அந்த வாரத்திலிருந்து நாங்கள் சனிக்கிழமைகளில் விளக்கம் எழுதிப் பழகுகிறோம்.

கல்வி உரிமைச் சட்டப்படி ஒவ்வொரு பள்ளியிலும் பள்ளி மேலாண்மைக் குழு உண்டு, இங்கே எஸ்எம்சி என்பார்கள். முக்கால்வாசிப் பேர் பெற்றோர்தான். அந்தக் குழுவில் இருக்கும் சில அம்மாக்களோடு சேர்ந்து ஒரு கோரிக்கை எழுதியிருக்கிறோம். வருட ஆரம்பத்து வாசிப்பு டெஸ்ட்டின் முடிவைக் கூட்டத்தில் பெற்றோரிடம் வாயால் சொல்ல வேண்டும், பிள்ளை முன்னேறினால் மூன்று மாதத்துக்குள் குழு மாற வேண்டும் என்பது ஒன்று. மற்றது தேர்ச்சிச் சதவீதத்தைப் பற்றியது. ஏழு வருடத்துக்கு முன்னால் இந்தப் பள்ளியில் ஆறாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளைகளில் எத்தனை பேர் இந்த வருடம் பன்னிரண்டு முடித்தார்கள், மீதிப் பேர் எங்கே இருக்கிறார்கள் என்று பள்ளி எழுதிப் போட வேண்டும். வேறு பள்ளிக்கு மாறியவர்கள், திறந்தநிலைக்குப் போனவர்கள், நின்றவர்கள் எல்லாம் தனித்தனியாக. இதற்குப் புது டெஸ்ட் எதுவும் தேவையில்லை. ஒவ்வொரு பிள்ளைக்கும் இயக்ககம் கொடுத்த அடையாள எண் இருக்கிறது, அந்த எண்ணைப் பின்தொடர்ந்தால் விவரம் வந்துவிடும். பன்னிரண்டின் சதவீதத்துக்கு முன்னால் இந்த எண்ணிக்கையைப் போட்டால், ஒன்பதாம் வகுப்பில் படிவத்தை நீட்டுவதற்குப் பள்ளிக்கு எந்தக் காரணமும் இருக்காது.

கோரிக்கை அடுத்த கூட்டத்தில் போகிறது. டெல்லியில் வேறு பகுதியில் எஸ்எம்சியில் இருப்பவர்கள் உங்கள் பள்ளியிலும் இதே கேள்வியை எழுத்தில் கேட்டு, வந்த பதிலை எனக்கு அனுப்புங்கள். இரண்டு மூன்று பள்ளிகளின் கணக்கு கையில் இருந்தால் மண்டலத் துணை இயக்குநரிடம் நேரம் கேட்டுப் போகலாம்.